கறுப்பு டேப்

என் கருவிப் பையில் ஒரு கறுப்பு டேப் சுருள் கிடக்கிறது. வயர் சுற்ற வாங்கியது. அதில் நகமளவு துண்டு வெட்டி நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காவல் கெமரா பூட்டுவது என் தொழில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் துப்புரவு செய்யும் ஒரு ஸ்டோரில் நான்கு கெமரா பூட்டக் கூப்பிட்டார்கள். நான்காவதைச் சாக்கு அடுக்கிய மூலைக்குப் போடச் சொன்னார் முதலாளி. கராம்பு அங்கேதான் களவு போகிறதாம். பெண்கள் மிளகுத் தூசி படிந்த சேலையை அந்த மூலையில்தான் மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கெமராவின் முகத்தில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. இது பார்க்கிறது என்று ஆளுக்குச் சொல்லத்தான் செய்தவன் அதை வைத்திருக்கிறான். "அத மறைச்சிடு. கண்டா உஷாராயிருவாளுக" என்றார் முதலாளி. மறைத்தேன்.

ஏணியை விட்டு இறங்கும்போது அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் நின்றார். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த லயம். அம்மா காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்தவர். மேலே பார்த்தார். "மத்ததுல எல்லாம் லைட்டு எரியுது. இது வேலை செய்யாது தானே தம்பி?" முதலாளி வாசலில் நின்றார். நான் தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லையே என்று அன்று மனதைத் தேற்றிக்கொண்டேன். "குருட்டுக் கெமரா. எங்க வீட்டுக்காரரு மாதிரி, கண்ணு தொறந்திருக்கும், ஒன்னும் தெரியாது" என்றார் அக்கா. பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பழுது பார்க்க அழைத்தார்கள். முதலாளியின் அறையில், திரையின் நான்காவது கட்டத்தில் அக்கா சேலை மாற்றிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதலாளி திருப்பவில்லை. பழுதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். டேப்பை எடுக்கவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. முதல் தடவை யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டோருக்குத் தகரக் கூரை. வெயிலில் பசை இளகி ஒரு நாள் டேப் விழுந்துவிட்டது. விளக்கு எரிவதை முதலில் கண்டது அக்காதான். மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. என் வாசலுக்கு வந்தார். திட்டவில்லை.

"நீ தலையாட்டினியே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நான் இன்னும் கெமரா பூட்டுகிறேன். விளக்கை மறைக்கச் சொன்னால் டேப் இல்லை என்கிறேன். அதுவும் பொய்தான். போன கிழமை பஸ்ஸில் அக்கா ஏறினார். எழுந்து இடம் கொடுத்தேன். உட்காரவில்லை. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டார். இறங்கும்வரை முந்தானையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அந்தச் சுருள் கைக்குத் தட்டுப்பட்டது.