மத்தியானச் சண்டை

என் மாமனாருக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. ஃபைல் கட்ட வந்துவிட்டது. புதுக் கொடிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவும் வந்துவிட்டது. மத்தியானத்தில் விழித்திருக்க மட்டும் வரவில்லை.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது, நான் நெல்லித்தோப்பில் வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விழுப்புரத்துப் பெண் நான். வந்த புதிதில் எனக்குப் பிடிபடவே பிடிபடாத விஷயம், இந்த ஊரே நடுப்பகலில் படுத்துக்கொள்வதுதான். ஆபீஸையும் கடையையும் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டு, ஒரு காபி குடித்து, தூங்கி எழுந்து, வெயில் தாழத் திரும்பப் போவார்கள். பிரெஞ்சில் இதற்கு ‘சியஸ்த்’ என்று கௌரவமாகப் பெயர் வேறு. என் அப்பா ரயில்வேக்காரர். பகலில் கண் அசந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். இங்கே என்னடாவென்றால், கைநிறையச் சம்பாதிக்கும் ஆண்பிள்ளை பட்டப்பகலில் குறட்டை விடுகிறார், வீடே நுனிக்காலில் நடக்கிறது. என்னால் சிரிப்பை அடக்க முடியாது.

மாமனார் கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. ஆட்சி மாறிய கொஞ்ச நாளில் ஆபீஸ் நேரமும் மாறியது. காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. மத்தியானச் சோறு அங்கேயே. அந்த வீட்டில் அதுவரை யாரும் சோறு கட்டிக்கொண்டு போனதில்லை. மாமியார் புதுக் கேரியர் வாங்கி, சோறு, மீன் குழம்பு, பொரியல் என்று அடுக்கினார். அப்புறம் உள்ளே போனார். மாமனாரின் தலையணைக்குத் துவைத்த உறை மாட்டி, துண்டில் சுற்றி, அதையும் என் கையில் கொடுத்தார்.

“அத்தை, ஆபீஸுக்குத் தலையணையா?” என்றேன்.

“சாப்ட்டுட்டு இன்னா செய்வாரு? உங்க ஊருல எப்படியோ. எங்க ஊருல மனுஷன் தூங்குவான்.”

புது மருமகள் வேறு என்ன பேச முடியும்? கொண்டுபோனேன். மெட்ராஸிலிருந்து வந்திருந்த புது அதிகாரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். மூட்டையில் என்ன என்று கேட்டார். சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாமனார் தலை நிமிரவில்லை. சாயங்காலம் சைக்கிள் கேரியரில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்து, மாடத்தில் வைத்தார்.

தலையணை வராவிட்டாலும் தூக்கம் வந்தது. போதாததற்கு ஆபீஸில் மின்விசிறி மாட்டினார்கள். மற்றவர்கள் அதன் கீழ் உட்காரப் போட்டி போட்டபோது, இவர் மட்டும் என்னை வேறு மூலைக்கு மாற்றுங்கள் என்று கெஞ்சினார். மூக்குப்பொடி போட்டுப் பார்த்தார், முகம் கழுவிப் பார்த்தார். ஃபிளாஸ்க் என்று ஒன்று அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வந்திருந்தது. அதில் நான் சூடாகக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் போன்ற தப்பு வேறில்லை. சாப்பிட்டுக் காபி குடித்தால் அடுத்தது தூக்கம் என்று அந்த உடம்பு அத்தனை காலமாகப் பழகியிருந்தது. கடைசி மடக்கு இறங்குவதற்குள் கண் சொருகிவிடும். ஆனாலும் அந்தக் காபியை விட அவரால் முடியவில்லை.

இன்னொரு தடவை தூங்குவதைப் பார்த்தால் மாஹேவுக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாஹே எங்கே இருக்கிறது! மலையாளக் கரை. மாமனாருக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் பிரிந்து இருந்ததே இல்லை. மாமியார் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். ராத்திரி சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

அப்போது நான் மாசமாக இருந்தேன். வெயிலில் போகக்கூடாதென்று, மாமியாரே குடையும் ஃபிளாஸ்க்குமாகக் கிளம்பினார். பூசைக்குத் தவிரத் தனியாகத் தெருவில் இறங்காதவர். போய்ச் சன்னல் வழியாகப் பார்த்தால் மாமனாரின் தலை ஆடிக்கொண்டிருக்கிறது. வராந்தாவில் அதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்கிறது. புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. கைதட்டினால் அதிகாரி திரும்பிவிடுவார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்:

“நேத்து நீங்க வாங்கியாந்தது கெட்ட மீனு.”

மாமனார் துள்ளி எழுந்தார். தேங்காய்த்திட்டுக்குச் சைக்கிள் மிதித்துப்போய், செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவர் அவர். அந்த விஷயத்தில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லிவிட முடியாது. “யாரு மீனடி கெட்ட மீனு?” என்று ஆரம்பித்தவர் அடங்கவே இல்லை. அன்று சாயங்காலம்வரை கோபத்தில் கண்ணே மூடவில்லை. வீட்டுக்கு வந்தும் மீனைப் பற்றியே பேசினார்.

மாமியாருக்கு மருந்து கிடைத்துவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் போனார். காலையில் கீரை ஆய்ந்தபடி, “இன்னிக்கு எதுக்குச் சண்டை புடிக்கலாம், சொல்லு பொண்ணே” என்று என்னைக் கேட்பார். நானும் யோசித்துக் கொடுப்பேன். மாமனாரின் தங்கை வீட்டுச் சீர், ஒழுகுகிற ஓடு, தொலைந்த குடை. எதுவும் எடுபடாத நாளில் மீன். மீன் ஒருநாளும் கைவிட்டதில்லை. ரகசியம் மாமனாருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் மீன் என்றால் அவருக்குப் பொறுக்காது. அந்த அதிகாரியும் லேசுப்பட்டவர் இல்லை. என்ன நடக்கிறதென்று புரிந்துகொண்டு, சன்னலுக்கு வெளியே நிழலில் மாமியாருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டார். மாஹே பேச்சு நின்றுபோனது. மழைக்காலம், வெயில்காலம், எனக்கு இரண்டு பிரசவம், எல்லாம் வந்து போயின. ஒரு வேலை நாளும் மாமியார் போகாமல் இருந்ததில்லை.

அறுபத்திரண்டில், இந்த ஊர் சட்டப்படியும் கைமாறிய அந்த வருஷம், மாமனார் ஓய்வு பெற்றார். வீட்டில் இருந்த முதல் நாள். மத்தியானம் சாப்பிட்டார், காபி குடித்தார். நான் பாயை விரித்து, அந்தத் தலையணையைப் போட்டேன். புரண்டு புரண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை. எழுந்து சமையற்கட்டுப் பக்கம் வந்தார்.

அங்கே மாமியார், கழுவிய ஃபிளாஸ்க்கை மடியில் வைத்தபடி, சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். மாமனார் அப்படியே நின்றுவிட்டார். எனக்குச் சட்டென்று உறைத்தது. மாமியாரும் இந்த ஊர்க்காரர்தானே. இவரும் பிறந்ததிலிருந்து மத்தியானம் தூங்கியவர்தானே.

“இத்தினி வருஷமா இவ தூங்கலியேம்மா” என்றார் மாமனார். “நான் ஒரு நாளு கேக்கலியே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலையணையை எடுத்துவந்து மாமியாரின் தலைக்குக் கொடுத்து, மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து முறத்தால் விசிற ஆரம்பித்தார். மாமியார் கண்ணைத் திறக்காமல், ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோல் முனகினார்:

“நேத்து வாங்கியாந்தது கெட்ட மீனு.”

மாமனார் விசிறுவதை நிறுத்தவில்லை.

“ஆமா, கெட்ட மீனுதான். நீ தூங்கு.”