பதினாலாம் நம்பர் அணிலும் என்ர லைசென்ஸும்

காயப்பட்ட காட்டு மிருகங்களைப் பராமரிக்கிறதுக்குக் கருணை வேணும் எண்டு சொல்லுவினம். அதுக்கு முதல் ஒரு நல்ல பிரிண்டர் வேணும்.

இந்த வேலையில மாட்டுப்பட்ட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாட்டுப்படாதவைக்குச் சொல்லுறன். மரத்தால விழுந்த அணில் குஞ்சை இஞ்ச ஆரும் தூக்கிக்கொண்டு போய் வீட்டில வைச்சு வளர்க்க ஏலாது. லைசென்ஸ் வேணும். பகலில நான் ஒரு பல் டாக்டரிட்ட ரிசெப்ஷன். மிச்ச நேரம் கர்க்லாண்டில என்ர வீட்டுப் பின் வளவில, லைசென்ஸோட, அணிலுக்கு ஆயா. வருஷத்துக்கு ஒருக்கா அதைப் புதுப்பிக்க வேணும்.

போன வருஷம் புதுப்பிக்கிறதுக்குள்ள சீவன் போட்டுது. லைசென்ஸ் போனால் எனக்கு நட்டம் ஒண்டும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நல்லா நித்திரை கொள்ளலாம். ஆனால் கூட்டுக்குள்ள பதினாலாம் நம்பர் அணில் இருந்தது, மனுசரைக் கண்டால் ஓடாதது. மனுசருக்குப் பயப்பிடாத மிருகத்தை வெளியில விடக்கூடாது எண்டு ஒரு விதி. அதை வீட்டில வளர்க்கவும் கூடாது எண்டு அடுத்த விதி. இரண்டுக்கும் நடுவில மிஞ்சிறது வெட் எண்ட மிருக டாக்டரின்ர கொல்லுற ஊசி. அதை மட்டும் படிவத்தில ஒருத்தரும் பெருசா எழுதிறதில்லை.

எத்தனை விழும்?

படிவத்தில ஒரு கேள்வி: அடுத்த வருஷம் எத்தனை மிருகங்கள் வரும்? எந்தக் காத்துக்கு எந்தக் கொப்பு முறியும் எண்டு எனக்கென்ன தெரியும்? வெறுமையா விட்டு அனுப்பினன். திரும்பி வந்துது. கேள்விக்குறி போட்டு அனுப்பினன். அதுவும் திரும்பி வந்துது. பேந்து போன் எடுத்தன்.

அங்கால லைசென்ஸ் கந்தோரில ஒரு பிரெஞ்சுக்கார மெசியூ. மூக்கால கதைக்கிறவர், ஒவ்வொரு வசனத்துக்கும் கடைசியில ஒரு பெருமூச்சு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஆரோட கதைச்சாலும் இரண்டு நிமிசத்தில அவையின்ர குரல் எனக்கு ஒட்டிப்போடும். நானும் மூக்கால கதைச்சுப் பெருமூச்சு விட்டன். அந்த மனுசன் லைனில எதிரொலி கேக்குது எண்டு இரண்டு தரம் வைச்சிட்டு எடுத்தவர். மூன்றாம் தரம் என்ர சொந்தக் குரலில, "எத்தனை விழும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் மெசியூ?" எண்டு கேட்டன்.

"உத்தேசமா ஒரு எண்ணிக்கை எழுதுங்கோ மேடம். ஆனால் அதுக்கு மேல ஒண்டும் விழக்கூடாது."

திருநீறு பூசின நோயாளி

நான் இருபது எண்டு எழுதினன். அந்த வருஷத்தின்ர பதினாலாவது அணில், சோறு காய்ச்சிற குக்கர் வந்த பெட்டிக்குள்ள வந்து இறங்கிச்சு. கொண்டு வந்தவ பார்க் எக்ஸ்டென்ஷனில இருக்கிற சாரதா அக்கா. அக்காடி மெட்ரோ ஸ்டேசனுக்குக் கிட்ட மரம் வெட்டேக்க விழுந்ததாம். கண் இன்னும் திறக்கேல்லை. முன்னங்கால் ஒண்டு வீங்கிக் கிடந்துது. நெத்தியில திருநீறு.

"ஊர் அணில் எண்டால் முதுகில மூன்று கோடு இருக்குமே பிள்ளை, இது என்ன மொட்டைக் கறுப்பு?" எண்டா. இஞ்சத்தை அணில் இப்பிடித்தான் அக்கா எண்டு சொல்லிக்கொண்டு, ரெஜிஸ்டரை விரிச்சன். கண்டெடுத்த இடம், நேரம், என்ன காயம், என்ன சாப்பாடு குடுத்தது, எல்லாம் எழுத வேணும். சாப்பாடு எண்டதும் அவவின்ர முகம் மாறிச்சு. கொஞ்சம் கிண்டினாப் பிறகு வெளியில வந்துது, துணியில தோய்ச்சுப் பால் தேத்தண்ணி பருக்கியிருக்கிறா. எனக்கு வந்த கோவத்துக்கு ரெஜிஸ்டரை மூடிப்போட்டு அவவைப் பாத்தன். அவ என்னை விடக் கோவமாப் பாத்தா.

"சீனி போடேல்லைப் பிள்ளை, எங்களைப் போல அதுக்கும் சுகர் வந்திடும் எண்டு எனக்குத் தெரியாதே?"

வளையம் போட்ட அணில்

அடுத்த கிழமை லொங்குய்யில இருந்து ஒருத்தர் பாலம் கடந்து வந்தவர். பின் சீட்டில பெரிய பெட்டி, அதுக்குள்ள ரக்கூன் எண்ட காட்டு மிருகத்தின்ர குட்டி ஒண்டு. என்ர லைசென்ஸ் அணிலுக்கு மட்டும். ரக்கூனால விசர்நோய் பரவலாம், அதால அதைத் தொட்டாலே என்ர லைசென்ஸைப் பறிச்சுப் போடுவினம். எங்க போன் பண்ண வேணும் எண்டு எழுதிக் குடுத்து, கையுறை போடச் சொல்லி, கிட்டப் போகாதேங்கோ எண்டு கெஞ்சினன்.

அவருக்கு விளங்கேல்லை. ஒரு மணித்தியாலம் டிரைவ் பண்ணி வந்தவனை வாசலோட திருப்பிறன் எண்டு ஒரே கவலை. குரலைத் தாழ்த்தி, கடையில விலை குறைக்கச் சொல்லிற மாதிரிக் கிட்ட வந்தார்.

"வாலில மட்டும்தானே தங்கச்சி வளையம் இருக்கு, மிச்சமெல்லாம் அணில்தானே, அணில் எண்டே எழுதி விடுங்கோவன்."

பேர் வைக்கக் கூடாது

எனக்கு உதவிக்கு ஒரு தொண்டர், சிவம் அண்ணை. துணி பக்டரியில முப்பது வருஷம் நிண்டு ரிட்டயர் ஆனவர். மனுசி இல்லை, மகள் கல்கரிக்குப் போயிட்டா. பார்க் எக்ஸ்டென்ஷனில இருந்து மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடிச்சு, கிழமையில நாலு நாள் என்ர வீட்டுக்கு வாறவர். அவரின்ர பேரையும் லைசென்ஸில சேர்க்க வேணும் எண்டபடியா, மூன்று விதியில கையெழுத்து வாங்கினன்: தேவையில்லாமல் தொடக்கூடாது, கதைக்கக்கூடாது, பேர் வைக்கக்கூடாது. அவர் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் கையெழுத்து வைச்சவர்.

ஒருநாள் நான் வேலையால கெதியா வந்திட்டன். பின் வளவில ஆரோ நீட்டுக்குக் கதைக்கிற சத்தம். எட்டிப் பாத்தால், சிவம் அண்ணை கூட்டுக்கு முன்னால வாளியைக் கவுத்து வைச்சு அதில இருக்கிறார். வீட்டுக்காரன் ஹீட்டர் திருத்தாதது, மகள் போன் எடுத்து மூன்று கிழமை ஆனது, எல்லாம் சொல்லுறார். பதினாலு கம்பியில தொங்கிக்கொண்டு வடிவாக் கேக்குது. மற்ற மூன்று அணிலும் எங்கையோ ஒளிச்சிட்டுதுகள்.

"அண்ணை, என்ன இது? பேரும் வைச்சிட்டியளே?" எண்டு கத்தினன்.

"சீச்சீ, பேர் வைக்கேல்லைத் தங்கச்சி, 'பதினாலு ராசா' எண்டு நம்பரைச் சொல்லித்தானே கூப்பிடுறன்."

சண்டைக்காரன்

லைசென்ஸ் புதுப்பிக்க முதல் கூடு பாக்க ஒரு இன்ஸ்பெக்டர் வருவா, அதுக்கு மூன்று கிழமை இருக்கேக்க வெட் வந்தா. பதினாலின்ர கால் வீக்கம் நல்லா சுகமாயிட்டுது. எண்டாலும் சிவம் அண்ணை செருமின உடன பதினாலு ஓடி வந்து கம்பியில ஏறிச்சு. வெட்டின்ர முகம் விழுந்துது. "இப்பிடியே இருந்தால் விடேலாது," எண்டா. மிச்சம் ஊசிதான் எண்டு சிவம் அண்ணைக்கும் விளங்கிச்சு. அண்டையில இருந்து கூட்டுக்கு முன்னால வாயே திறக்கேல்லை. நான் சொன்னன், அது காணாது அண்ணை, நீங்கள் அதை ஏச வேணும், உங்கட குரலைக் கேட்டால் அது பயப்பிட வேணும். மனுசன் கூட்டுக்கு முன்னால போய் நிண்டு, வாயைத் திறந்து, மூடி, திரும்பி வந்திட்டார். ஏலாதாம்.

அப்ப ஆர் செய்யிறது? அவர் பஸ் ஏறினாப் பிறகு நானே பழைய சட்டி மூடியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு போனன். அந்தச் செருமல், அந்த இழுவை, "ராசா"வில வாற நடுக்கம், ஒண்டும் பிசகேல்லை. சிவம் அண்ணையின்ர குரலில "டேய் பதினாலு!" எண்டு ஒரு சத்தம், உடன மூடியில ஒரு அடி. பின்னேரத்துக்குப் பின்னேரம், மூன்று கிழமை. முதல் நாள் அது கிட்ட வந்து என்னையே பாத்துக்கொண்டு நிண்டுது. எண்டாலும் மூடியில அடிச்சன். இரண்டாம் கிழமையில செருமல் கேட்ட உடன பெட்டிக்குள்ள பாய்ஞ்சுது.

என்ர மனுசன் ஒருநாள் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தவர்.

"சிவம் அண்ணையைப் பஸ்ஸில ஏத்திட்டு வந்தன் எண்டு சொன்னனீர், பேந்தேன் அந்த மனுசன் திரும்பி வந்து அணிலோட கொழுவுது?"

பரீட்சை

இன்ஸ்பெக்டர் மேடம் வந்தா, கையில டேப். கூட்டின்ர நீளம் அளந்தா, அகலம் அளந்தா, ரெஜிஸ்டரைப் புரட்டினா. திருநீறு பூசினதை நான் எழுதேல்லை, தேத்தண்ணியை எழுதியிருந்தன், புருவத்தைத் தூக்கினா. பேந்து கூட்டுக்கு முன்னால போனா. "கூடுதலா ஆர் சாப்பாடு வைக்கிறது? அவரைக் கூப்பிடுங்கோ," எண்டா.

சிவம் அண்ணை நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வந்து நிண்டார். பதினாலு கொப்பில இருந்துது. மூன்று கிழமையா ஒரு வார்த்தை கதைக்காத மனுசன், மேடம் "ஏதாவது கதையுங்கோ" எண்டு சொன்ன உடன, முகம் மலர்ந்து, செருமி, "என்ன பதினாலு ராசா, சாப்பிட்டியே?" எண்டார். வசனம் முடியேல்லை, அணில் கொப்பால பறந்து பெட்டிக்குள்ள போச்சு. வால் நுனியும் தெரியேல்லை. மேடத்துக்குச் சரியான சந்தோசம். எல்லாக் கூட்டிலயும் இவரைப் போல ஒருத்தர் இருக்க வேணும், இப்பிடி ஒரு பயத்தை நான் காணேல்லை எண்டு சொல்லி, அங்கயே கையெழுத்து வைச்சா. நான் அதை அண்ணைக்குத் தமிழில சொல்லேல்லை. ஆனால் அவருக்குப் பிரெஞ்சு என்னை விட நல்லா விளங்கும். பெட்டியையே பாத்துக்கொண்டு நிண்டவர், மெல்லமா என்னட்டைக் கேட்டார்.

"நான் அதுக்கு என்ன செய்தனான், தங்கச்சி?"

காருக்குள்ள

எடுத்த இடத்துக்குக் கிட்டத்தான் விட வேணும், அதுவும் விதி. ஒரு சனிக்கிழமை விடிய அக்காடிப் பக்கம் மரம் நிண்ட ஒரு சின்னப் பார்க்குக்குப் போனம். சிவம் அண்ணை காரால இறங்கேல்லை. "என்னைக் கண்டால் பயந்து ரோட்டுப் பக்கம் ஓடினாலும் ஓடும்," எண்டிட்டு, கண்ணாடியையும் ஏத்திப்போட்டு இருந்தார். நான் பெட்டியைத் திறந்தன். பதினாலு ஒரு தரம் மணந்து பாத்திட்டு ஏறிச்சு, ஏறிச்சு, இலைக்குள்ள மறைஞ்சிட்டுது.

திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். சட்டி மூடியோட நான் செய்ததைச் சொல்லாமல் இருக்க ஏலேல்லை. கடைசியில அவரின்ர குரலிலயே செருமி, "டேய் பதினாலு!" எண்டு, ஸ்டியரிங்கில ஒரு தட்டுத் தட்டிக் காட்டினன். மனுசனுக்கு விளங்க ஒரு நிமிசம் பிடிச்சுது. பேந்து சிரிச்சார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், திரும்பவும் சிரிச்சார். கார் வெளிக்கிட்டு முதல் சிக்னல் லைட்டில நிக்கேக்கச் சொன்னார்.

"குரல் அச்சொட்டா என்ரதுதான் தங்கச்சி, ஆனால் நான் அப்பிடி ஏசமாட்டன் எண்டு அதுக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்."

ஆக, நாங்கள் வளர்த்தது எங்களைக் கண்டு தலைதெறிக்க ஓடினால்தான் நாங்கள் நல்லா வளர்த்தம் எண்டு அரசாங்கம் ஒத்துக்கொள்ளும், அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும்.