தையற்கடைக்குப் போன என் பேச்சுகள்

சென்ற ஆண்டு, கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப்போட்டியின் இறுதிச்சுற்றுக்கு முந்தைய நாள் காலை. தேர்வுகள் முடிந்த நிம்மதியில், புதுச்சேரி சாரத்தில் உள்ள எங்கள் வீட்டில், புதிய கணினியின் முன் கம்பீரமாக அமர்ந்தேன். பழைய கணினியில் இருந்த அனைத்தையும் நானே அதற்கு மாற்றியிருந்தேன். உதவ வந்த அண்ணனை, "மேடையில ஆயிரம் பேரச் சமாளிக்கிறவளுக்கு இந்தப் பொட்டி ஒரு விஷயமா?" என்று விரட்டியும் இருந்தேன்.

மறுநாள் பேச வேண்டிய உரையைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் அப்படியே. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏய், வெறும் ஷார்ட்கட்டத்தான் காப்பி பண்ணியிருக்க. வீட்ட விட்டுட்டு கதவு நம்பர மட்டும் தூக்கினு வந்துருக்க!"

நான்கு ஆண்டு உழைப்பு பழைய கணினியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கணினியோ இரண்டு வாரங்களுக்கு முன்பே கருவடிக்குப்பத்தில் தையற்கடை நடத்தும் ஓர் அக்காவிடம் சென்றுவிட்டது. ரவிக்கைக்கான ஆரிப் பூத்தையல் வேலைப்பாடுகளைப் பெரிய திரையில் பார்க்க அவர் வாங்கிக்கொண்டார். "உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிடுங்கக்கா" என்று பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பியவளும் நானே.

அண்ணனின் வண்டியில் விரைந்தோம். கடை வாசலில் வண்டி நிற்கும்போதே உள்ளிருந்து ஒரு முழக்கம் கேட்டது. என் குரல்! ஒத்திகைக்காக நான் பதிவு செய்து வைத்திருந்த உரை, தையல் இயந்திரங்களின் ஓசையை மீறித் தனிக்குடும்பத்தின் மேன்மையை எடுத்துரைத்துக்கொண்டிருந்தது.

"அழிக்கலையாக்கா?"

"எதுக்கு அழிக்கணும்? ரேடியோவ விட நல்லா கத்தறியே!"

மகிழ்ச்சியில் ஓடிப்போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள், கொக்கி தைத்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் ஊசியும் கையுமாக எழுந்து வந்தார்.

"நீதானா அது? வா வா! உன் பேச்சக் கேட்டுட்டு, தனிக்குடித்தனம் போலாம்னு வூட்டுக்காரர்கிட்ட நாலு நாளு சண்ட போட்டேன். அவரும் சரின்னுட்டாரு. நேத்து அடுத்த பைலப் போட்டா, கூட்டுக்குடும்பந்தான் சொர்க்கம்னு நீயே அழுவுற! எம் மாமியா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

கடையே சிரிப்பில் குலுங்கியது.

"போட்டியில எந்தக் கட்சி குடுத்தாலும் பேசணும்க்கா" என்று சமாளித்தேன்.

"அது கெடக்கட்டும். நீ இன்னா நெனைக்கிற, அதச் சொல்லு."

எந்த நடுவர் முன்னும் தடுமாறாத என் நாக்கு அங்கே தடுமாறியது. "தெரியலக்கா" என்றேன்.

"அப்ப தெரிஞ்சிக்கினு வந்து சொல்லு. அதுவரைக்கும் மாமியா கூடவே இருந்துக்கறேன்."

இம்முறை அண்ணன் கோப்புகளை முழுமையாகப் பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றையும் திறந்து காட்டினான். அவர்கள் வாங்கிக் கொடுத்த தேநீரோடு, என் பழைய உரைகளுக்கு அவர்கள் அடித்த கிண்டலையும் வயிறு வலிக்கச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாம் பரிசு பெற்றேன். ஆயினும், நான் வெல்வதற்காகச் சொன்னதை ஒருவர் நம்பி வாழவும் துணிவார் என்று அறிந்த அந்த நாளே எனக்குப் பெரிது. இன்றும் ஓர் உரையை எழுதி முடித்தால், கைதட்டல் எங்கே விழும் என்று கணிப்பதற்கு முன், இதை நான் நம்புகிறேனா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.