வெர்னாவின் காயாத கேக்

எனக்கு யாரையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. விரபின் என்ற எங்கள் ஊர்க் கண்காட்சியில் கேக் மேசைக்கு இத்தனை வருஷம் பொறுப்பாக இருந்தவளுக்கு அது வராது. கேக்கைத் தூக்கி அடியைப் பார்ப்பேன். ஆறவைத்த கம்பித் தட்டின் தழும்பு மேலே விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். முகர்ந்தும் பார்ப்பேன். எல்லாம் கலந்தே கடையில் விற்கிற பாக்கெட் மாவில் சுட்டுவிட்டுச் சொந்தக் கைப்பக்குவம் என்று நீட்டுகிறவர்களை எங்கள் ஊரில் ஆடு திருடியவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள்.

வெர்னா டோல்ஹர்ஸ்ட் மேல் எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். குரல் பெரிது, சமையல் சுமார். அவள் வறுத்த ஆட்டுக்கறியை நாய்கூட யோசித்துத்தான் தின்னும். அப்படிப்பட்டவளின் சாக்லேட் கேக் மட்டும் எப்படி வருஷா வருஷம் முதல் பரிசு நீல ரிப்பன் வாங்குகிறது? எங்கள் பக்கத்துக் கோடையான பிப்ரவரி வெயிலில், தகரக் கொட்டகைக்குள், மற்றவர்களின் கேக்கெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அவளுடையது கண்காட்சி முடியும்வரை ஈரமாகவே இருக்கும்.

கேட்டால், "கைராசி கோரல், கைராசி" என்பாள். ஆனால் கேக் சுடும் அன்று சமையலறைத் திரையை இழுத்து மூடிவிடுவாள். மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்?

அந்த வருஷம் கண்காட்சிக் கமிட்டிக்கே புகார் போனது. நான் நேரில் பார்த்து, பாக்கெட் மாவு இல்லை என்று சொன்னால்தான் வெர்னாவின் கேக் மேசைக்கு வரலாம் என்று முடிவு செய்தார்கள். அவள் புருஷன் கிளாரி குடிக்கப் பப்புக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, நான் சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாக உள்ளே போனேன்.

கையும் களவுமாக மாட்டினாள். தொட்டி, துண்டு, அவள் பத்து விரல், எல்லாம் சிவப்பு.

"என்னடி இது, யாரக் கொன்ன?"

"கதவச் சாத்து மொதல்ல. பீட்ரூட்டு."

"சாக்லேட் கேக்குலயா?"

"வேகவச்சு அரச்சுக் கலக்குறேன். அதான் காயமாட்டேங்குது."

"அடிப்பாவி, இதுக்கா இத்தன மூடுமந்திரம்? பாக்கெட் இல்லேன்னு இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

வெர்னா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாத. பாக்கெட் இல்லேன்னா அப்புறம் எப்படிக் காயலேன்னு தோண்டித் துருவுவாங்க. தொண்ட ஆபரேஷனுக்கு அப்புறம் கிளாரிக்குக் காஞ்சது எதுவும் எறங்கல. சூப்பு, கஞ்சி எல்லாத்தயும் தள்ளிவிட்டாரு. ஆசையாத் திங்கிறது இது ஒண்ணுதான். பீட்ரூட்டுத் துண்டு இருந்தா பர்கரயே தூக்கி வீசுற மனுஷன். தெரிஞ்சுதுன்னா இதையும் தொடமாட்டாரு."

"கமிட்டிகிட்ட மட்டும் சொன்னா?"

"சாயங்காலமே பப்புல பேசுவானுங்க. பாக்கெட் மாவுன்னே சொல்லிடு."

"உன் மானம் போகுமேடி!"

"என் மானத்த அவரால திங்க முடியுமா?"

இதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. பப்பு வாசலுக்குப் போய் கிளாரியைப் பார்த்தேன். காலர் பட்டனைப் பூட்டியிருந்தும் கழுத்துக்கும் சட்டைக்கும் நடுவே என் கை நுழையும். மனசு கேட்கவில்லை. கமிட்டியிடம் பாக்கெட் மாவு என்றே சொன்னேன்.

ஊர் சும்மா இருக்குமா? கண்காட்சி அன்று வெர்னா நடந்துபோன பக்கமெல்லாம் சிரிப்பு. பஸ்ஸையாவது நீதான் ஓட்டுகிறாயா என்று ஒருத்தி கேட்டாள். வெர்னா நிற்காமல் நடந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

டீக்கடைப் பெஞ்சில், மேசைக்கு வராத அந்தக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு கிளாரி தின்றுகொண்டிருந்தார். வெர்னா பக்கத்தில் இருந்தாள்.

"பாக்கெட்டு கேக்கு எப்படி இருக்கு கிளாரி?" என்று ஒருவன் சீண்டினான்.

"பாக்கெட்டா இருந்தா என்னடா? பீட்ரூட்டு இல்லாம இருந்தாச் சரி."

நான் கிளாரியின் முகத்தையே பார்த்தேன். அவர் அவனைப் பார்க்கவில்லை. எவ்வளவு தேய்த்தும் போகாமல் சிவந்திருந்த வெர்னாவின் விரல் நுனிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.