திருச்சித் தோடு

நகை கைக்கு வந்தால் எல்லோரும் முன்பக்கம் பார்ப்பார்கள். எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். கொட்டகலை பஜார் ஆசாரி செய்த தோடு என்றால், பின்னால் காதில் நுழையும் தண்டின் அடியில் முடி போன்ற கம்பி இரண்டு சுற்று ஓடியிருக்கும். அம்மாவின் தோட்டில் அதை நானாகவே கண்டுபிடித்தேன். பிறகு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒருவர் காதும் என்னிடம் தப்பவில்லை.

சித்தியின் நிச்சயத்தன்று எனக்கு எட்டு வயது. காதல் என்ற பேச்சே தாத்தாவுக்கு ஆகாது. தரகர் கொண்டுவந்த நானுஓயா மாப்பிள்ளை, பெண்ணை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார் என்பதில் அவருக்குப் பரம திருப்தி. தட்டில் தோட்டை வைத்து, "திருச்சியில சொல்லிச் செஞ்சதுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

நான் எடுத்துத் திருப்பினேன். அதே கம்பி.

"இது நம்ம கொட்டகலை ஆசாரி செஞ்சது தாத்தா."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாப்பிள்ளை ஏனோ சித்தியைப் பார்த்தார். சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. தாத்தா வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டு, பொய் சொல்லும் வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை, ஆசாரியிடமே கேட்டுவிடுவோம் என்றார். அன்றிரவு சித்தி சாப்பிடவில்லை. எனக்கோ என் கண்டுபிடிப்பு நிரூபணமாகப் போகிற சந்தோஷம்.

காலையில் தாத்தாவும் சித்தியும் நானும் தோட்டோடு பஸ் ஏறினோம். ஆசாரி தோட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்புறம் சித்தியைப் பார்த்தார்.

"இது என் கை இல்லைங்க. திருச்சி வேலைதான். எங்க தாத்தா தொழில் படிச்சதே அங்கதானே, அதான் ஒண்ணு போல தெரியுது."

தாத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. தாத்தா சொல்ல, சித்தி தோட்டை அங்கேயே போட்டுக்கொண்டாள்.

சித்தியின் இடது காதுத் துளை வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். எதைப் போட்டாலும் அந்தப் பக்கம் தாழ்ந்து நிற்கும். அன்று இரண்டு தோட்டின் பூவும் ஒரே மட்டத்தில் நின்றன. இடது தோட்டுக்கு மட்டும் தண்டை நடுவில் வைக்காமல் சற்றுக் கீழே இறக்கிப் பற்றவைத்திருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் திருச்சியில் இருக்கிற ஆசாரிக்கு எங்கள் சித்தியின் காது எப்படித் தெரிந்தது என்று வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தேன். அவளே ஒருநாள் அந்தக் கடையில் உட்கார்ந்து காதைக் காட்டியிருப்பாள், பக்கத்தில் மாப்பிள்ளை நின்றிருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.