சுவரில் செருகிய கார்டு

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் மகள் என்னை 'வாங்க' என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பெற்ற பெண் மரியாதை கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

கவிதா விமானம் ஓட்டுகிறாள் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். கேப்டனுக்குப் பக்கத்து சீட். அடுத்த மாதம் அவளே கேப்டன் ஆவதாக இருந்தது. வேலை டெல்லியில். அதை 'ஹோம் பேஸ்' என்பார்களாம். ஹோம் என்றால் வீடு என்றல்லவா நினைத்திருந்தேன்? வீடு இருப்பதோ ஸ்ரீரங்கத்தில்.

எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. லிஃப்டில் யாராவது ஏறினால் நான் இறங்கிவிடுவேன். டெல்லிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் தானே வந்து போவதாகச் சொன்னாள். அதாவது, வேலைக்குப் போய்ச் சேருவதற்கே திருச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று என இரண்டு விமானம் பிடிக்க வேண்டும். அதுவும் ஸ்டாஃப் டிக்கெட் – சீட் காலியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஓட்டுகிற களைப்பு போதாதென்று, ஓட்டப் போகிற களைப்பு வேறு...

திங்கட்கிழமையே வர வேண்டியவள், சீட் கிடைக்காமல் செவ்வாய் காலைதான் வந்தாள். அன்று மாலையே திரும்ப வேண்டும். மறுநாள் காலை டெல்லியில் அவள் ஓட்ட வேண்டிய விமானம் இருந்தது. ரசம் சாதம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

மூன்று மணிக்குக் காபியோடு கதவைத் தள்ளினேன். வெளியே நல்ல வெயில். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் உள்ளே பாதி இருட்டு. கட்டிலில் அவள் இல்லை.

சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஐடி கார்டு. அதைச் சுவருக்குள் செருகப் பார்க்கிறாள். வழுக்கிக் கீழே இறங்குகிறது. சர்ர்ர்... மறுபடி மேலே கொண்டுபோகிறாள். சர்ர்ர்...

அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் சுவர்.

"என்னடி தேடுற?" என்றேன்.

திரும்பினாள். கண் நன்றாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. முன்பின் தெரியாதவர்களுக்கென்று வைத்திருக்கிற சிரிப்பு.

"ரூம் க்ளீன் பண்ண வேண்டாம்மா. அப்புறமா வாங்க."

அந்த 'ம்மா' நான் இல்லை. பூ விற்கிறவரையும் அம்மா என்கிறோம், பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்கிறவரையும் அம்மா என்கிறோம். அந்த அம்மா. பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டவள்...

என் முகத்துக்கு நேரே கதவை மெதுவாகச் சாத்தித் தாழ் போட்டாள். காபியோடு நின்றேன். ஒரு நிமிஷம் – சிரிக்காதீர்கள் – இது யார் வீடு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாலரை மணிக்குத் தலை சீவி, யூனிஃபார்ம் மாட்டி, பெட்டியோடு வெளியே வந்தாள். எதுவும் ஞாபகமில்லை. நடந்ததைச் சொன்னேன். ஹோட்டல் அறைகளில் கார்டைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும், அந்தப் பழக்கத்தில் ஏதோ கனவு என்றாள். வாசலில் டாக்ஸிக்காரர், காவிரிப் பாலத்தில் வண்டிகள் நிற்பதாகச் சொல்லி அவசரப்படுத்தினார்.

"தூக்கத்துல உளறாதவங்க யாரும்மா? நீகூடத்தான் குறட்டை விடுற."

வழக்கம்போல நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னவோ, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் விளக்கைப் போட்டேன்.

பொங்கலுக்கு வெள்ளை அடித்த சுவர். கிட்டே போனால்தான் தெரிகிறது. அவள் தோள் உயரத்தில் மெல்லிய கீறல்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாக... சிலதில் தூசி படிந்திருந்தது. ஒரு நாளில் போட்டதில்லை. எத்தனை நாளாக இங்கே நின்றிருக்கிறாள்? பக்கத்து அறையில்தானே நான் இருந்தேன்?

கவிதா கழுத்தில் தொங்கிய கார்டைத் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் சுண்ணாம்பு.

"நாளைக்கு உன் பின்னாடி எத்தனை பேருடி உக்காருவாங்க?" என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தாள். டாக்ஸிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"களைப்பா இருக்கு, ஓட்ட முடியாதுன்னு இப்ப சொன்னா, கேப்டன் ஆர்டர் தள்ளிப் போயிடும்மா."

"போகட்டும்."

"உனக்கென்ன, ஈஸியா சொல்லிட்ட. ஏழு வருஷம்."

ஈஸியாகவா சொன்னேன்? என் கூச்சத்துக்காகத்தான் அவள் இப்படி அலைகிறாள். அந்தக் கீறல்களில் பாதி நான் போட்டது.

போனை எடுத்தாள். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம். நான் வாசலுக்குப் போய் டாக்ஸிக்காரரிடம் நானே பேசி அனுப்பிவிட்டு வந்தேன். அவர் முணுமுணுத்ததை இங்கே எழுத முடியாது.

கேப்டன் ஆர்டர் தள்ளித்தான் போயிருக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கவிதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். மாற்று ஆள் வந்து சேரும்வரை அந்த விமானம் கிளம்பவில்லையாம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கண்டபடி திட்டினார்களாம்.

திட்டட்டும். திட்டுவதற்கு அத்தனை பேரும் இருக்கிறார்களே...