குனிந்தால் வலிக்காத முதுகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என் மனைவியின் உடம்பைப் பற்றியது. வெளியில் சொல்லக் கூசும் விஷயமும் இதில் உண்டு. வேண்டுதலைக் குறை சொல்கிறான் என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம் வேறு. அதிகம் படித்தவன் இல்லை நான். பெருமாளுக்கு விளக்கேற்றாமல் ஒரு நாளும் சாப்பிட்டவனும் இல்லை. இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள்.

சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் கம்பெனி ஒன்றில் ஒவ்வொரு சீசனுக்கும் அவள் வேலைக்குப் போவாள். தரையில் இருக்கும் பழக் கிரேட்டை, அந்த பிளாஸ்டிக் பெட்டியை, குனிந்து தூக்கி, இடுப்பைத் திருப்பி, பக்கத்தில் ஓடும் பெல்ட்டில் கவிழ்க்க வேண்டும். ஐம்பது தாண்டியும் அதையே செய்துகொண்டிருந்தாள். முதலில் இடுப்பு வலி. தைலம் தேய்த்தோம். பிறகு அது தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால்வரை கரண்டு மாதிரி இழுத்தது. கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனத்துவிடும். உட்கார்ந்தாலோ, தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நின்றாலோ விட்டுவிடும்.

ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பியவளின் இடது காலில் செருப்பு இல்லை. கேட்டேன்.

"கால்லதான் இருந்துச்சு," என்று குனிந்து பார்த்தாள். செருப்பு தெருமுனையில் கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை.

வடமாலபேட்டையிலிருந்து அவள் அக்கா வந்திருந்தார். "இன்னாடி, செருப்பக்கூட கால்ல நிறுத்தத் தெரியல உனுக்கு?" என்று சிரித்தவர், விளக்கு வைத்த பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு பிரசவத்துக்கு வேண்டிக்கினயே, திருமலைக்குப் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வெச்சிக்கினு வர்றேன்னு. பேரன் ஓடுறான், நீ இன்னும் போவல. அதான் சாமி காலப் புடிக்கிறாரு."

எனக்கும் அது சரியென்றே பட்டது.

விடிந்ததும் திருமலை அடிவாரத்து அலிபிரியில் ஏறத் தொடங்கினோம். மூன்று பேரும் வெறுங்காலில். ஒவ்வொரு படிக்கும் அவள் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தாள். வீட்டிலிருந்து கடைவரை நடக்க முடியாதவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, குனிஞ்சிக்கினே போனா நோவே இல்லீங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா, எறக்கி வெச்சிட்டாரு," என்றார் அக்கா. நான் தலைக்கு மேல் கைகூப்பினேன்.

செங்குத்துப் படிகள் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், அவள் வைத்த பொட்டுக்குக் கீழே, படியின் விளிம்பில் இன்னொரு சிவப்பு. அடுத்த படியிலும் இருந்தது.

"குங்குமத்தச் சிந்திக்கினே போறியே."

"நான் சிந்தலியே."

தொட்டேன். ஈரமாக இருந்தது. அவள் இடது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. பாதம் மேலே தூக்காமல் ஒவ்வொரு விளிம்பிலும் இடித்திருக்கிறது.

"நோவலயா?"

"எது?" என்றாள்.

சமதளம் வந்து நிமிர்ந்ததும் இரண்டு காலும் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். என் காதருகில் மெதுவாகச் சொன்னாள். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லையாம். உட்காரும் இடமே மரத்துப்போய்விட்டதாம். வேண்டுதல் கெட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"பாதியில எறங்கினா குத்தம்டி. மெதுவா மேல போயிடலாம்," என்றார் அக்கா.

குங்குமத் தட்டு என் கையில் இருந்தது. அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது என் கால் மாதிரியே இல்லீங்க," என்றாள். நான் தட்டைக் கீழே வைத்தேன். வழியில் வந்த பக்தர்கள் நாலு பேர் வாகனம் வரும் ரோடுவரை தூக்கி வந்தார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதுகெலும்பின் ஸ்கேன் படத்தைக் காட்டினார். தெலுங்கு கலந்த தமிழில் பேசினார். "சூடண்டி, பாருங்க, இந்த எலும்பு கீழ் எலும்பு மேல இருந்து முன்னால நழுவிடுச்சு. குனிஞ்சா நரம்புக்கு எடம் கெடைக்கும். நிமிந்தா நசுங்கும். குனிஞ்சா வலி இல்லன்னு சொன்னீங்களே, அது குணம் இல்ல, இந்த வியாதியோட அடையாளம். மூத்திரம் அடைச்சா ஒரு நாள்கூட நிக்கக் கூடாது."

காரணமும் சொன்னார். வயதில் தேய்ந்த மூட்டு. வருஷக்கணக்காகப் பாரத்தோடு குனிந்து திரும்பிய இடுப்பு. சிலருக்குச் சின்ன வயதிலேயே எலும்பில் கீறல் இருக்குமாம். அன்றே ஆபரேஷன் நடந்தது. சிறுநீர் மாதக்கணக்கில் மெல்லச் சரியானது. இடது பாதம் இன்றுவரை தூக்கவில்லை. பிளாஸ்டிக் பட்டை கட்டித்தான் நடக்கிறாள். பெருமாள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. பொட்டில்லாத படிகள் மட்டும் அவள் தூக்கத்தில் வருகின்றன.

அக்கா சொந்தக்காரர்களிடம் படியில் வலி இறங்கியதை மட்டும்தான் சொல்வார். அது எப்படியோ கம்பெனிவரை போயிருக்கிறது. போன வாரம் கிரேட்டு தூக்கும் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். "எனுக்கும் குனிஞ்சா நோவு இல்லக்கா. நானும் படிக்கு வேண்டிக்கினேன்," என்றாள். அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள். கூச்சப்பட்டுச் சிறுநீர் விஷயத்தை எடுத்துவிடாதீர்கள். அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். வலி இறங்கிய படியைச் சொன்னால், ரத்தம் இருந்த படியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.